கையை ஊன்றாமல் விழுந்தவன்

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்து எப்போதும் நான் கூப்பிடும் லூர்து அண்ணாச்சிக்கு,

வரும் திங்கட்கிழமை உங்கள் நினைவு நாள். உங்களிடம் எதைச் சொல்ல வந்தாலும் நான் வரிசை போட்டுக்கொண்டுதான் வருவேன். நீங்கள் இரண்டாவதிலேயே குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுவீர்கள். இப்போது குறுக்கிட ஆள் இல்லை என்பதால் வரிசையை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

1. அமலி எப்படி இருக்கிறாள்.
2. அந்த ஆட்டத்தில் நடந்தது.
3. டெல்வின் என்ற பையன் நடித்துத்தான் விழுந்தான் என்பதற்கு என் ஆதாரம்.
4. சுவரில் ஒட்டியதும், என் வீட்டுக்கு வந்தவரும்.
5. புதன்கிழமை விசாரணையில் நான் சொல்லப்போவது.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவர்களுக்காக இரண்டு வரி. நீங்கள் உவரியில் பிறந்து, தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து, பாளையங்கோட்டையில் வீடு கட்டியவர். விடுமுறை நாளெல்லாம் விசிலோடு கால்பந்து மைதானத்தில் நின்றவர். நான் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். நீங்கள் நடுவில் ஓடினீர்கள். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடினேன். உங்கள் மகள் அமலி என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

அமலியைப் பற்றி முதலில். பார்ப்பவர்களுக்கு அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலை நடக்கிறது. தொழில்முறைக் கால்பந்து லீக்கில் இப்போது அவளும் ஒரு நடுவர். அதை நீங்கள் பார்க்காமல் போனீர்கள். ஆனால் சாப்பிடும்போது செல்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். தெருவில் நடந்தால் பின்னாலிருந்து எவனாவது விசில் ஊதுகிறான். உதட்டால் அடிக்கும் விசில் இல்லை. நம் விசில், நடுவர் ஊதும் விசில். முதல் நாள் திரும்பிப் பார்த்தாள். இப்போது பார்ப்பதில்லை. அவளுக்குப் பின்னால் நடந்து வந்த எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? இரண்டாவதுக்கு வருகிறேன்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தொழில்முறை அணியைத் தொடங்கியிருக்கிறார்கள், அண்ணாச்சி. பணம் போட்டவர்கள் பெரிய ஆட்கள். மேல் பிரிவுக்குப் போக அந்த அணிக்குக் கடைசி ஆட்டத்தில் வெற்றி வேண்டும், டிரா போதாது. ஆட்டம் நம் பாளையங்கோட்டையிலேயே. உள்ளூர்க்காரி என்பதால் அமலியை நடுவராகப் போடவில்லை. மாற்று நடுவராக வெளியே உட்கார வைத்திருந்தார்கள். பாதி ஆட்டத்தில் வெளியூர் நடுவருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. விசில் அமலி கைக்கு வந்தது.

நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே இறங்கிய நிமிடத்திலிருந்து வேலை ஆரம்பமாகிவிட்டது. அணித் தலைவன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஓடினான். "நம்ம ஊரு அக்கா வந்துட்டாவ, இனி கவலையில்ல" என்று எதிரணிக்குக் கேட்கும்படி சொன்னான். அவள் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ கிக் கொடுத்ததும் அதே ஆள், "அக்கா, நாளைக்கும் இதே ஊர்லதான இருக்கப்போறீய?" என்றானாம். இதை அவள் பிறகு சொன்னாள். பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டி ஓர் அடி வைத்து, அவள் பார்த்ததும் பின்வாங்கினார். ஒருவன் விழுந்தால் ஆறு பேர் அவளைச் சுற்றி வளைத்தார்கள். அவர்கள் கேட்டது அந்த ஃபவுலை இல்லை. அடுத்ததை.

உங்கள் வீட்டு டிவியில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்த்து நாம் எவ்வளவு சிரித்திருக்கிறோம். நெஞ்சில் விரல் பட்டதற்கு முகத்தைப் பொத்திக்கொண்டு ஒருவன் உருண்டபோது நீங்கள் கேட்டீர்கள்: "லே சங்கரா, நெஞ்சுல தட்டினா மூஞ்சி வலிக்க வியாதிய எந்த டாக்டருலே பாப்பாரு?" அது எங்கேயோ தூரத்தில் நடக்கும் கூத்து என்று நினைத்திருந்தோம். அது நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது சிரிப்பு வரவில்லை, அண்ணாச்சி.

ஆட்டம் முடியப்போகும் நேரம். ஆளுக்கொரு கோல். டெல்வின் பந்தோடு பெனால்டி பகுதிக்குள் நுழைந்தான். உங்கள் உவரிப் பையன்தான், மீன்பிடி வள்ளக்காரர் மகன், அணியில் முன்னணி ஆட்டக்காரன். பின்னால் எதிரணிக்காரன் ஒட்டி ஓடினான். டெல்வின் இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசி, தோளில் விழுந்து புரண்டான். மைதானமே எழுந்து பெனால்டி கேட்டது. அமலி விசில் ஊதி, மஞ்சள் அட்டையை அவனுக்கே காட்டினாள். ஏமாற்றி விழுந்ததற்கு. முன்னமே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தான். அதனால் சிவப்பும் காட்டினாள். ஆட்டம் டிராவில் முடிந்தது. மேல் பிரிவு போயிற்று.

அணி முறையிட்டிருக்கிறது. பழைய நடுவர்கள் சிலரிடம் வீடியோவைக் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருவன். அமலி செய்தது தவறு என்று முடிவானால், சிவப்பு அட்டையால் பையனுக்கு வந்த ஆட்டத் தடை நீங்கும். அவள் லீக்கில் தொடர்வது கஷ்டம்.

மூன்றாவது, என் ஆதாரம். வீடியோவில் எதிரணிக்காரனின் உடம்பு மறைக்கிறது. கால் பட்டதா இல்லையா என்பது தெரியவில்லை. ஆகவே கையைப் பார்க்க வேண்டும். உண்மையாகத் தடுக்கி விழுகிறவன் தன்னை அறியாமல் கையைத் தரையில் ஊன்றுவான். முகத்தைக் காப்பது உடம்பின் இயல்பு. நடிக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் அவனுக்குக் காப்பு வேண்டாம். அவன் கை நடுவரின் கண்ணைத் தேடி மேலே போகும். நடுவர் பயிற்சி வகுப்புகளில் வருடக்கணக்காக நான் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்ன விதி இது. அமலி அந்த வகுப்பில் முன் வரிசையில் இருந்தாள். நீங்கள் மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. நான் படம் போட்டால் நீங்கள் டீ குடிக்க எழுந்து போவீர்கள்.

என் சந்தேகங்கள் உங்களுக்குத் தெரியும். பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பவன் நான். ஆனால் இந்த ஒரு விதியில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. டெல்வின் கையை ஊன்றவில்லை. எனவே நடித்தான்.

நான்காவது. இதை நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

போன வாரம் காலையில் மேரி அண்ணி காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனார்கள். சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். யாரோ போய்விட்டார்கள் என்று, நாம் எல்லோரும் செய்வது போல, நின்று பார்த்திருக்கிறார்கள். அமலியின் படம். நடுவர் உடையில். தோற்றம் என்ற இடத்தில் அவள் பிறந்த தேதி சரியாக இருந்தது. மறைவு என்ற இடத்தில் தேதி போடாமல் விட்டிருந்தார்கள்.

அண்ணி சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து தோசைத் திருப்பியையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்ச் சுரண்டியிருக்கிறார்கள். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், "விடுங்கம்மா, மழை பெஞ்சா தானா போயிரும்" என்றாராம். அண்ணி, "மழை வரைக்கும் எம்பிள்ளை சுவத்துல செத்துக் கெடக்கணுமா?" என்று கேட்டுவிட்டுச் சுரண்டிக்கொண்டே இருந்தார்கள். நான் போனபோது பாதி முகம் மிச்சம் இருந்தது; உரிந்ததை மடியில் சேர்த்து வைத்திருந்தார்கள். வண்ணார்பேட்டையிலும் முருகன்குறிச்சியிலும் இன்னும் இருக்கிறது என்று அப்புறம் சொன்னார்கள். போலீஸில் புகார் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அணியின் மேலாளர் என் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல பழக்கம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். போஸ்டரைப் பற்றி அவரே பேச்செடுத்தார்.

"விவரமில்லாத பயலுவ செஞ்சிருக்கானுவ, ஐயா. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எனக்கே மனசு கேக்கல."

"அப்படியானால் நீங்கள் ஒரு கண்டன அறிக்கை..."

"கொடுக்கலாம், கொடுக்கலாம். புதன்கிழமை முடியட்டும். நீங்க வகுப்பெடுத்த பெரியவுக. உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க, நான் வேண்டாங்கல. ஆனா நல்லா யோசிச்சுட்டுத் தோணட்டும்."

எழுந்து வாசல் வரை போனவர் நின்றார். "காலையில நடக்கப் போறது ஆத்தங்கரப் பக்கந்தான? மேல அணையில தண்ணி தொறந்திருக்காவ. பைய போங்க. படித்துறையில பாசி."

தாமிரபரணியில் நான் குளிக்காத வயதில்லை. அடுத்த நாள் நான் நடக்கப் போகவில்லை.

இதுவரை சனிக்கிழமை எழுதியது. ஐந்தாவதாக, பயந்தாலும் அமலி பக்கமே நிற்பேன், அவள் முடிவு சரி என்று சொல்வேன் என்று எழுதவிருந்தேன். திங்கட்கிழமை உங்கள் கல்லறைக்குப் போய்விட்டு வந்து முடிக்கலாம் என்று பேனாவை மூடினேன். இன்று செவ்வாய்க்கிழமை. இடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வாடகைக் காரில் நானும் அமலியும் அண்ணியும் உவரிக்குப் போனோம். சாத்தான்குளத்தில் பூ வாங்க இறங்கியபோது ஒரு பைக் எங்களுக்குப் பின்னால் நின்றது. நாங்கள் கிளம்பியதும் அதுவும் கிளம்பியது. பனங்காட்டுக்கு நடுவே அந்தச் சாலையில் வேறு வண்டி இல்லை. டிரைவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், அவர்களும் குறைத்தார்கள். அண்ணி ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்கள்.

பூசை முடிந்து, உங்கள் கல்லறையில் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அது நிற்கவில்லை. அண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நானும் அமலியும் கரைக்குப் போனோம். வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்றை அலையிலிருந்து இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் விளிம்பில் நின்று கூடையை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் டெல்வின். தடையில் இருப்பதால் ஊரில் அப்பாவோடு தொழிலுக்குப் போகிறான் போலிருக்கிறது. எங்களை அவன் பார்க்கவில்லை.

அலை வந்து வள்ளத்தைச் சட்டென்று திருப்பியது. டெல்வின் விழுந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே போக, தோளில் விழுந்து, ஈர மணலில் புரண்டு எழுந்தான்.

அமலி என் முழங்கையைப் பிடித்தாள். வீடியோவில் எத்தனையோ முறை பார்த்த அதே விழுகை. இங்கே பெனால்டி பகுதி இல்லை. நடுவர் இருப்பது அவனுக்குத் தெரியாது. அடுத்த வள்ளத்தில் ஒரு நடுவயதுக்காரர் வழுக்கினார். அவர் கையும் மேலேதான் போனது.

அதற்குள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார்: "ஏலே டெல்வினு, ஓடுலே! அக்கா இங்கனயும் அட்டையோட வந்துட்டாவ!" கரை முழுக்கச் சிரிப்பு. டெல்வின் சிரிக்கவில்லை. மணலைத் தட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அமலி நேராகக் கேட்டாள். "கையை ஏம்லே ஊன்றல?"

"எப்பக்கா?"

"இப்ப."

அவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "வள்ளத்துல எவன்க்கா கையை ஊன்றுவான்? உள்ள தூண்டி கெடக்கும், கயிறு ஓடிக்கிட்டிருக்கும். கைய வச்சா வெரலு போச்சி. சின்னதுல கைய ஊன்றுனா எங்கய்யா அடிப்பாரு. விழுந்தா கைய தூக்கிட்டு தோள்ள விழணும்."

"அன்னைக்கு மைதானத்துல?"

"அவன் என் குதிங்கால்ல மிதிச்சான்க்கா. பூட்சுக்குள்ள தோலு உரிஞ்சி போச்சி."

"இத ஏன் அன்னைக்கே என்கிட்ட சொல்லல?"

"சொல்ல விட்டாத்தான? எங்க ஆளுவ பூரா உங்களச் சுத்தி நின்னு கத்துதானுவ. எனக்கு உங்க மூஞ்சே தெரியல."

நான் அப்போதும் விடவில்லை, அண்ணாச்சி. என் விதியைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு ஒரு துரும்பு வேண்டியிருந்தது. "நீ இதுவரை நடித்து விழுந்ததே இல்லையா?" என்று கேட்டேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "பொய் சொல்ல மாட்டேன் சார். இந்த வருசம் ரெண்டு தடவ. ரெண்டுக்கும் பெனால்டி கிடைச்சிது. அப்பல்லாம் கைய ஊன்றித்தான் விழுந்தேன்."

"ஏன்?"

"கோச்சு அப்படித்தான் விழப் பழக்குவாரு. நடுவருக்கு வகுப்புல கையப் பாருன்னு சொல்லிக்குடுக்காவளாம். கைய ஊன்றுனா நம்பிருவாவன்னாரு."

அவனுக்கு நான் யார் என்று தெரியாது. அமலிக்குத் தெரியும். அவள் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாள். அது எனக்குச் செய்த உதவி.

நான் கரும்பலகையில் போட்ட படத்தை அவர்கள் யாரோ எடுத்துப் போய்ப் பாடமாக்கியிருக்கிறார்கள். பொய்யாக விழுந்தவனுக்குப் பெனால்டியும், மிதிபட்டு விழுந்தவனுக்குச் சிவப்பு அட்டையும் என் படத்தால் கிடைத்திருக்கின்றன. இந்தக் கரையில் பிறந்த உங்களுக்கு இது தெரிந்திருக்குமா? எழுந்து டீ குடிக்கப் போனது அதனாலா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா, அல்லது படித்தவன் முகம் வாடும் என்று விட்டுவிட்டீர்களா?

அமலி சொன்னாள்: "புதன்கிழமை நானே சொல்லிடுதேன், சித்தப்பா. தப்புன்னா தப்புதான்."

டெல்வின்தான் பதறினான். "வேண்டாம்க்கா. என் தடை இருந்துட்டுப் போவுது, அடுத்த வருசம் ஆடிக்கிடுதேன். நீங்க தப்புன்னு சொன்னா அவனுவ என்ன நினைப்பானுவ? போஸ்டர் வேல செஞ்சிருக்குன்னு நினைப்பானுவ. அப்புறம் எந்த நடுவர் வந்தாலும் மொதல்ல போஸ்டர்தான் ஒட்டுவானுவ."

"அப்ப பொய் சொல்லச் சொல்லுதியா?"

அவன் கண் எங்களைத் தாண்டிப் போனது. தூரத்தில் கோயில் மதிலோரம் அந்தப் பைக் நின்றது. ஒருவன் அதன் மேல் உட்கார்ந்து எங்களைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மறைக்கக்கூட இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் மிரட்டியவர்கள் ஜெயித்ததாக ஆகும். சொல்லாவிட்டால் ஒரு பையன் செய்யாத ஏமாற்றுக்குக் கெட்ட பெயர் வாங்குவான்; என் விதி இன்னும் பல மைதானங்களில் ஓடும். இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆனால் பயம் கணக்கில் சேராமல் தனியாக நின்றது. அமலி ஜன்னல் பக்கம் தலை சாய்த்திருந்தாள். தூங்கவில்லை.

இன்று காலை மேலாளர் போன் செய்தார். "ஐயா, உவரி போயிட்டு வந்தீயளாமே. நல்ல காத்தா?" என்றார். "நம்ம பையனையும் பாத்தீயளாம். நல்லது. நாளைக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். பயலுவ ஆர்வத்துல வருவானுவ. பின்வாசல் தொறந்திருக்கும், அமலியம்மாவ அங்கன கூட்டிட்டு வந்துருங்க. முன்வாசல்ல நான் பொறுப்பில்ல."

அமலியிடம் சொன்னேன். அவள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். "பின்வாசல்ல போய்ச் சொன்னா, பயந்து சொன்னதாத்தான இருக்கும், சித்தப்பா?" என்றாள். பிறகு, "நீங்க வேணும்னா பின்னால வாங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே ஐந்தாவது இப்படி மாறுகிறது. நாளை அவள் பேசுவதற்கு முன்னால் நான் பேசுவேன். அமலி பார்த்தது சரி, பார்க்கச் சொல்லிக்கொடுத்ததுதான் பிழை என்பேன். அந்தப் பையனின் தடையை நீக்கச் சொல்வேன். அதே மூச்சில், அண்ணி சுவரிலிருந்து சுரண்டிக் கொண்டுவந்த தாளை மேஜை மேல் வைப்பேன். முதலில் எதைப் பார்த்தாலும் இரண்டையும் பார்க்காமல் அவர்கள் எழுந்திருக்கக் கூடாது. குரல் நடுங்கும்; நடுங்கினாலும் வரிசை தப்பாது. முன்வாசல் வழியாகவே போவோம். கூட்டம் இருக்கும் பக்கத்தில் நான் நடப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு, அண்ணாச்சி. திரும்பி வந்து என்ன நடந்தது என்று எழுத முடியுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். படிக்கிறவர்களும் என்னைப் போலவே நம்பி, பிறகு திருத்திக்கொள்ளட்டும். நான் மூன்றாவதாக எழுதியது தவறு. அவன் நடிக்கவில்லை. மிதித்தார்கள், விழுந்தான்.

உங்கள் கோட்டோரத் தம்பி,
அமலியின் சித்தப்பா,
சங்கரலிங்கம்